நூற்றில் நாலு

கல்யாண வீட்டுப் பந்தியில் என் வேலை என்னவென்று கேட்டுத் தெரிந்துகொண்டவர்கள், அதற்குப் பிறகு பாயசம் வரும்வரை என் பக்கம் திரும்ப மாட்டார்கள். சாகப் போகிறவர்களை எழுப்புகிற வேலை எனக்கு. தூத்துக்குடியில் ஒரு பெரிய மருத்துவமனை, பெயர் வேண்டாம். அதன் நான்காம் மாடியில், மண்டைக்குள் ரத்தக் கசிவு ஏற்பட்டு வருகிறவர்களுக்கான பிரிவில், பதினொரு வருஷமாகத் தெளிவூசி போடுகிற சிஸ்டர் நான். பெயர் சண்முகவடிவு.

தெளிவூசி என்பது ஊர் வைத்த பெயர். கம்பெனி வைத்த பெயரைச் சொல்வதற்குள் டாக்டர்களுக்கே நாக்கு சுளுக்கிக்கொள்ளும். மண்டைக்குள் ரத்தக் குழாய் உடைந்து, ரத்தம் சேர்ந்து, மூளை நசுங்கி, ஆள் நினைவு தப்பிக் கிடக்கும்போது இந்த ஊசியைப் போட்டால், வீங்கின மூளையிலிருந்து நீரையெல்லாம் ஒரே இழுப்பாக இழுத்துவிடும். உள்ளே அழுத்தம் சட்டென்று இறங்கும். அதுவரை கட்டையாகக் கிடந்தவர் கண்ணைத் திறந்து, பெண்டாட்டி பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, குடிக்கத் தண்ணீர் கேட்பார். பேச்சு குழறாது. இந்தத் தெளிவு நாற்பது நிமிஷம் இருக்கும். சிலருக்கு முப்பத்தெட்டு, சிலருக்கு நாற்பத்திரண்டு. அதன் பிறகு மருந்தின் வேகம் அடங்கிவிடும், ரத்தம் விட்ட இடத்திலிருந்து தன் வேலையைத் தொடங்கிவிடும்.

இதில் ஒரு கொடுமை இருக்கிறது. ஊசி போட்டவரை அதற்குப் பிறகு அறுவை சிகிச்சைக்குக் கொண்டுபோக முடியாது. இந்த மருந்து ரத்தத்தை உறையவிடாது. கத்தி வைத்தால் மேஜையிலேயே ஆள் போய்விடுவார். ஆகவே அறுவை என்றால் அறுவை, ஊசி என்றால் ஊசி, இரண்டில் ஒன்றுதான். எது வேண்டும் என்று நோயாளியைக் கேட்கலாம் என்றால், அவர் நினைவில்லாமல் கிடக்கிறார். கேட்பதற்காக எழுப்பினால் அறுவைக்கான கதவு அடைபட்டுவிடும். அதனால் வீட்டுக்காரர்கள்தான் முடிவுசெய்து கையெழுத்துப் போடுகிறார்கள்.

அவர்கள் முடிவெடுக்க வசதியாக ஒரு தொப்பி வைத்திருக்கிறோம். தலையில் மாட்டினால், உள்ளே எந்த இடத்தில் கசிகிறது, எவ்வளவு சேர்ந்திருக்கிறது, மூளை எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்றெல்லாம் பார்த்து, இந்த நிலைமையில் அறுவை செய்தால் நூறு பேரில் எத்தனை பேர் பிழைப்பார்கள் என்று ஓர் எண்ணைக் காட்டும். பத்தும் அதற்கு மேலும் என்றால் ஊசிப் பேச்சே கிடையாது, நேராக அறுவைதான். பத்துக்குக் கீழே போனால் என்னைக் கூப்பிடுவார்கள்.

ஒரு சட்டமும் உண்டு. ஊசியில் எழுந்தவரிடம் முதல் மூன்று நிமிஷத்துக்குள் உண்மையைச் சொல்லியாக வேண்டும். உறவுக்காரர்களை வெளியே நிறுத்திவிட்டு, “உங்களுக்கு இவ்வளவு நேரம்தான் இருக்கிறது” என்று நேராகச் சொல்ல வேண்டும். இதற்காக நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. புற்றுநோய்க்காரரிடம் வாயுத் தொல்லை என்று சொல்லியே சுடுகாடு வரை கொண்டுபோய்ச் சேர்க்கிற ஜனங்கள் நாம். “சொல்லிராதீங்கம்மா, அவுக தாங்க மாட்டாக” என்று காலில் விழுவார்கள். ஒரு தாலுகா ஆபீஸ் சூப்பிரண்டு என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. நான் விட்டுக்கொடுத்ததில்லை. “அது அவுக உசுரு, அவுக நேரம். பொய் சொல்லி அதக் களவாங்க நீங்க யாரு?” என்று கேட்பேன். கல்நெஞ்சுக்காரி என்று எனக்குப் பெயர் வந்தது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

என் வீட்டுக்காரர் வெயிலுமுத்து சவுண்ட் சர்வீஸ் வைத்திருந்தார். கோயில் கொடை, மாதா திருவிழா, கட்சிக் கூட்டம், காதுகுத்து எல்லாவற்றுக்கும் அவர்தான் ஸ்பீக்கர் கட்டுவார். ஆள் ஒல்லி, வாய் மட்டும் அவர் கட்டுகிற குழாய் ஸ்பீக்கரைவிடப் பெரிது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஒருவருக்கொருவர் மாறி மாறிப் பிள்ளையாக இருந்து இருபத்தேழு வருஷம் ஓட்டிவிட்டோம்.

நாலாம் மாடியில் வேலை பார்க்கிறவளுக்கு எந்தத் தலைவலியைக் கண்டாலும் ரத்தக் கசிவாகத்தான் தோன்றும். மூன்று தடவை அவரை இழுத்துக்கொண்டு போய்த் தொப்பி மாட்டியிருக்கிறேன். மூன்றாவது தடவை வெறும் சளி, தலைப்பாரம். தொப்பி அன்றைக்குக் காட்டியது தொண்ணூற்றொன்பது. சிஸ்டர்கள் எல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவர் அதை ஒரு கதையாகவே ஆக்கி, மைக் டெஸ்ட் பண்ணுகிற இடத்திலெல்லாம் சொல்ல ஆரம்பித்துவிட்டார். “ஹலோ, ஒன், டூ, த்ரீ, எம் பொஞ்சாதி எனக்குத் தொப்பி போடுதா” என்று தெருவே கேட்கும். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இனி இவருக்குத் தலையே போனாலும் கூட்டிக்கொண்டு போகமாட்டேன் என்று ஒரு நாள் கோபத்தில் சொல்லியும்விட்டேன்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஒரு பள்ளிக்கூட விழாவுக்கு ஸ்பீக்கர் கட்டப் போனவர் பதினோரு மணிக்கெல்லாம் திரும்பி வந்துவிட்டார். ஸ்டாண்டு சரிந்து, பெட்டி ஸ்பீக்கரின் முனை இடது காதுக்கு மேலே இடித்திருக்கிறது. நெல்லிக்காய் அளவுக்கு ஒரு வீக்கம்.

“மயக்கம் வந்துச்சா?” என்று கேட்டேன்.

“அரை நிமிசம் கண்ணு இருட்டிட்டு வந்துச்சு. ஒரு சோடா குடிச்சேன், சரியாயிட்டு. மிச்ச வேலையையும் முடிச்சிட்டுத்தான் வாரேன்.” சட்டையைக் கழற்றிக்கொண்டே என் முகத்தைப் பார்த்தார். “ஏ வடிவு, தொப்பியத் தூக்கிட்டு வந்துராத.”

நான் சிரித்துவிட்டேன். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி வைத்து அழுத்தினேன். அரை நிமிஷ மயக்கம், அதன் பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் சில மணி நேரத் தெளிவு. மண்டை ஓட்டுக்கும் மூளை உறைக்கும் நடுவில் கசிகிறவர்களில் பலருக்கு இப்படித்தான் ஆகும். உடம்பு தானாகவே போட்டுக்கொள்கிற தெளிவூசி அது. புதிதாக வருகிற சிஸ்டர்களுக்கு முதல் நாள் வகுப்பில் நான் சொல்லிக்கொடுக்கிற பாடமே அதுதான். எனக்குத் தெரியாதென்று நான் சொல்லவில்லை. தெரியும். நாலாவது தடவையாகச் சிரிப்புக்கு ஆளாக எனக்கு மனசில்லை, அவ்வளவுதான் காரணம்.

மீன் குழம்பு ஊற்றி இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். இவ்வளவு சாப்பிடுகிறவருக்கு என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு மணிக்கு, “லேசா வலிக்கு” என்றார். தைலம் தேய்த்துவிட்டேன். “தூங்கி எந்திரிங்க, சரியாயிரும்” என்றேன். அதைச் சொன்னது நான்தான்.

குறட்டை பலமாக வந்தது. வெயிலில் அலைந்த அலுப்பு என்று நினைத்து டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தேன். நாலரை மணிக்குக் காபி போட்டு எடுத்துக்கொண்டு போனபோது குறட்டை நின்று நின்று வந்தது. தட்டினேன். உலுக்கினேன். இமையைப் பிரித்துப் பார்த்தேன். இடது கண்ணின் கருமணி விரிந்து அப்படியே நின்றது. காபியை எங்கே வைத்தேன் என்று இன்றுவரை நினைவில்லை.

டாக்டர் ரூபாவதிதான் அன்றைக்கு டூட்டியில் இருந்தார். மதுரைக்காரர், என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். அவரே தொப்பியை மாட்டினார். எண் வந்தது. திரையை என் பக்கம் திருப்பாமல், “நாலு, சிஸ்டர்” என்றார்.

“இன்னொரு தடவ பாருங்க.”

“ரெண்டு தடவை பாத்துட்டேன். அடிபட்டு எவ்வளவு நேரம் இருக்கும்?”

“ஆறரை மணி நேரம்.”

 அதற்கு மேல் எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அடிபட்ட கையோடு கொண்டுவந்திருந்தால் மண்டை ஓட்டைத் திறந்து, சேர்ந்த ரத்தத்தை எடுத்துவிட்டு, குழாயை அடைத்து, ஒரு வாரத்தில் வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். தொப்பி தொண்ணூறுக்குக் குறையாமல் காட்டியிருக்கும்.

வீட்டுக்காரருடைய அக்கா செல்லக்கனி மைனி ஆட்டோவில் வந்து இறங்கினாள். தம்பியைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

“என்னட்டி இது? ஒரு சொட்டு ரத்தம் வெளிய வரல. ஒரு கீறலக் காணும். இதுக்கா இப்படிக் கெடக்கான்?”

“உள்ள கசியுது மைனி. மண்டை ஓடு தேங்காச் சிரட்டை மாதிரி, விரிஞ்சு குடுக்காது. உள்ள ரத்தம் சேரச் சேர மூளைக்கு எடம் பத்தாது. அடியில ஒரே ஒரு ஓட்டைதான். அதுவழியா மூளை கீழ பிதுங்க ஆரம்பிச்சுட்டு. மூச்ச இழுத்து விடச் சொல்லுத பாகம் அங்கதான் இருக்கு.”

“அப்பம் கீறி எடுக்கச் சொல்லு.”

“எடுத்தா நூத்துக்கு நாலு பேருதான் மைனி பிழைப்பாக.”

“நாலு பேரு பிழைக்காங்கல்லா?”

“பிழைச்சாலும் மூச்சு இருக்கும், கண்ணு முழிச்சிருக்கும். நம்மள யாருன்னு தெரியாது. பீ மூத்திரம் எல்லாம் நாமதான் அள்ளணும். வருசக்கணக்கா.”

மைனி தம்பியின் வேட்டியை இழுத்துச் சரிசெய்தாள். “எனக்கு என்ன தெரியும். நீ இதுலயே கெடக்கவ. நீ பாத்து எது சொன்னாலும் சரிதான்” என்றாள்.

நான் ஊசிக்குக் கையெழுத்துப் போட்டேன். அவர் மரியாதையாகப் போகட்டும் என்று மைனியிடம் சொன்னேன், டாக்டரிடமும் சொன்னேன். அது முழு உண்மை இல்லை. அவர் கண்ணைத் திறக்க வேண்டும், உங்களைத் தூங்கவிட்டுவிட்டேன் என்று நான் சொல்ல வேண்டும், “ஏட்டி கூறுகெட்டவளே” என்று அவர் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அது இல்லாமல் மிச்ச நாளை எப்படி ஓட்டுவது என்று எனக்குப் பயமாக இருந்தது. அந்த நாற்பது நிமிஷத்தை நான் எனக்காகத்தான் கேட்டேன்.

சொந்தக்காரருக்கு நாங்களே ஊசி போடக்கூடாது. டாக்டர் மருந்தை ஏற்றுவதற்குப் போகும்போது மைனி என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். “ஏட்டி, சாவப் போறன்னு அவன்கிட்ட சொல்லிராதீங்க. பாவம், சந்தோசமாப் போவட்டும்.”

எத்தனை பேரிடம் நான் சண்டை போட்ட வார்த்தை அது. அன்றைக்கு அது எனக்கு நியாயமாகப் பட்டது. சாகிறோம் என்று தெரிந்தால் எப்படி என்று கேட்பார். எப்போதிலிருந்து என்று கேட்பார். நானாகச் சொல்லி மன்னிப்பு வாங்குவது வேறு, அவர் கேட்டு நான் தலைகுனிந்து நிற்பது வேறு. டாக்டரின் பின்னாலேயே ஓடினேன்.

“டாக்டர், அவுககிட்ட சொல்ல வேண்டாம்.”

“சிஸ்டர், நீங்களா இதைக் கேக்கறீங்க?”

“நான்தான் கேக்கேன். உங்கள நான் இதுவரைக்கும் ஒண்ணும் கேட்டதில்ல.”

அவர் என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சில நிமிஷம் கழித்து வெளியே வந்து, “போங்க, தெளிவா இருக்கார்” என்றார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. சொல்லவில்லை என்று நானே முடிவுசெய்துகொண்டேன்.

தலையணையைச் சாய்த்து வைத்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், “வா வடிவு. இந்தத் தடவ தலைப்பாரம் இல்லையாமே” என்றார்.

“சின்னக் கசிவுதான்” என்றேன். பதினொரு வருஷம் உண்மையே பேசின வாய்க்குப் பொய் இவ்வளவு சரளமாக வரும் என்று எனக்குத் தெரியாது. “ரெண்டு மூணு நாள்ல வீட்டுக்குப் போயிரலாம்.”

“ஆப்பரேசன் ஒண்ணும் வேண்டாமா?”

“நாளைக்குக் காலையில பண்ணுவாக.”

“காலையிலயா?”

“ஆமா. ஒம்பது மணிக்கு.”

மணியை ஏன் சேர்த்துச் சொன்னேன் என்று தெரியவில்லை. அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு “சரி” என்றார்.

மைனி அவர் காலைத் தடவிக்கொண்டு, முருகன் புண்ணியத்தில் ஒன்றும் ஆகாது, எழுந்து வந்ததும் திருச்செந்தூருக்கு மொட்டை போடுவோம் என்று பேசிக்கொண்டே இருந்தாள். “மண்டையில ஓட்டை போட்டவனுக்கு மொட்டையுமா?” என்று அவர் சிரித்தார். பள்ளிக்கூடத்தில் ஆம்ப்ளிபயர் மேடைக்குப் பின்னால் இருக்கிறது, மழை வந்தால் நனைந்துவிடும், எடுத்துவரச் சொல் என்றார். அக்காவின் முழங்கால் வலியை விசாரித்தார். “அக்கா, நான் இங்க கெடக்கத வரைக்கும் நீ எங்க வீட்டுல வந்து இரு. இவளுக்குத் தனியா இருந்து பழக்கமில்ல” என்றார். மைனி வெளியே போய் அழுதுவிட்டு வந்தாள். அவளைப் பார்த்து, “கண்ணுல தூசி அடிச்சிட்டா?” என்று கேட்டார்.

அவர் தலைக்குப் பின்னால் சுவரில் கடிகாரம் இருந்தது. முப்பதாவது நிமிஷத்தில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “மத்தியானம் உங்கள நான்…” என்று ஆரம்பித்தேன்.

“மீன் கொழம்பு நல்லாருந்துச்சு” என்றார்.

“அதில்ல. நீங்க லேசா வலிக்குன்னு சொன்னப்பம்…”

“இந்தக் காதோரம் அரிக்கு பாரு. கொஞ்சம் சொறிஞ்சு விடு.”

சொறிந்துவிட்டேன். மறுபடியும் வாயைத் திறந்தேன். அவர் அக்காவைப் பார்த்து, சின்ன வயசில் இரண்டு பேரும் தெப்பக்குளத்தில் விழுந்த கதையை எடுத்துவிட்டார். நான் பேச வந்ததை மூன்று தடவை அப்படி வெட்டினார். எனக்குக் கோபம்கூட வந்தது. சாகிற நேரத்திலும் இந்த மனுஷனுக்கு வாய் ஓயாதா என்று நினைத்தேன். முப்பத்தேழாவது நிமிஷத்தில் தெப்பக்குளத்துக் கதையைப் பாதியில் நிறுத்தி, “வடிவு, கொஞ்சம் தூங்குதேன்” என்றார்.

“தூங்குங்க” என்றேன். வேறு எந்த வார்த்தையும் வாயில் வரவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே வேலைக்கு வந்தேன். இவ்வளவு சீக்கிரமா என்று எல்லோரும் கேட்டார்கள். வீட்டில் மைனி இருந்தாள். மூலையில் ஸ்பீக்கர்கள் இருந்தன. அங்கே உட்கார்ந்திருப்பதற்கு இது மேல் என்று தோன்றியது. பத்து மணிக்கு டாக்டர் ரூபாவதி தன் அறைக்குக் கூப்பிட்டு ஒரு கோப்பை நீட்டினார்.

“அவரோட கேஸ் ஷீட். நெருங்கின உறவு கையெழுத்துப் போட்டாத்தான் மூட முடியும். படிக்கணும்னு இல்ல சிஸ்டர். கடைசிப் பக்கத்துல போட்டாப் போதும்.”

படிக்காமல் கையெழுத்துப் போடும் பழக்கம் எனக்கு இல்லை. மூன்றாம் பக்கத்தில் டாக்டரின் கையெழுத்தில் எழுதியிருந்தது.

“5.52. நோயாளியிடம் நிலைமை சொல்லப்பட்டது. புரிந்துகொண்டார். அறுவை சிகிச்சைக்கு வாய்ப்பு இருந்ததா என்று கேட்டார். நூற்றில் நாலு, பிழைத்தாலும் நினைவு திரும்பாது என்று சொல்லப்பட்டது. ‘எனக்கு நாலு போதுமே டாக்டர்’ என்றார். இப்போது செய்ய முடியுமா என்று கேட்டார். முடியாது என்று சொல்லப்பட்டது. தனக்குத் தெரியும் என்பதை மனைவியிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.”

இரண்டு தடவை படித்தேன். எழுத்து மாறவில்லை.

“கிழிச்சுப் போட்டுடலாம்னுகூட நெனச்சேன்” என்றார் டாக்டர். அவர் கண் கலங்கியிருந்தது. “அவர் கேட்டுக்கிட்டதை மீறி எழுதிட்டேன். ஆனா நோயாளி சொன்னதுல ஒரு வார்த்தையை மறைக்கக் கூடாதுன்னு எனக்கு நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்க.”

“எழுதாம விட்டது எதுவும் உண்டா?”

“வேண்டாம் சிஸ்டர்.”

“சொல்லுங்க டாக்டர்.”

“நினைவு திரும்பாம வருஷக்கணக்கா கெடக்கணுமேன்னு நான் சொன்னேன். ‘கெடந்தா என்ன, வடிவு பாத்துக்கிடுவா’ன்னார்.”

கையெழுத்துப் போட்டேன். பேனா எழுதியது. எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு வார்டுக்கு வந்தேன்.

பதினொன்றரைக்கு ஒரு கேஸ் வந்தது. உப்பளத்தில் வேலை செய்கிற பெண், வயது நாற்பத்தாறு, ரத்தக் கொதிப்பில் குழாய் வெடித்திருந்தது. தொப்பி ஐந்து காட்டியது. கூட வந்திருந்தது மகள் மட்டும்தான். கல்லூரியில் படிக்கிற பெண்போல இருந்தாள். அறுவை என்றால் என்ன, ஊசி என்றால் என்ன என்று எப்போதும்போல விளக்கினேன். அவள் முழுவதையும் கவனமாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா, எனக்கு ஒண்ணும் ஓடல. உங்க வீட்டு ஆளா இருந்தா நீங்க எதப் பண்ணுவீங்க?”

அறுவைக்குக் கொண்டுபோ தாயி, ஐந்து என்பது ஐந்து பேர் என்று சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. அதைச் சொன்னால், சொன்ன வாய்க்குச் சொந்தக்காரி அன்றைக்கு என்ன செய்தாள் என்பதும் என் காதில் விழுந்துவிடும். ஊசி சரியென்று நான் சொல்லிக்கொண்டே இருக்கிறவரைதான் வெயிலுமுத்துவை நான் மரியாதையாக அனுப்பி வைத்தவள். அறுவை என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் வேறு ஆளாகிவிடுவேன். அந்த ஆளாக இருந்து மிச்ச வருஷங்களைக் கழிக்க எனக்குத் தெம்பில்லை.

“ஊசிதாம்மா நல்லது” என்றேன். “நாப்பது நிமிசம் உங்கம்மா உன்கூட நல்லாப் பேசுவாங்க.”

அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு எனக்கு நன்றி சொன்னாள். எந்த இடத்தில் என்று கேட்டு, நான் காட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டாள். நான் உள்ளே போய் மருந்தை எடுத்தேன்.